செம்பில் தொடங்குங்கள்: வேலையை விடாமல் உலோக நகை செய்யக் கற்கும் வழி

உலோக நகை செய்வதென்றால் உலை வேண்டும், ஊதுகுழல் வேண்டும், குடும்பத் தொழிலாக இருந்திருக்க வேண்டும் என்றொரு எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. தொடங்குவதற்கு அவ்வளவெல்லாம் தேவையில்லை. மாலையில் ஒரு மணி நேரம், ஆடாத மேசை, நான்கைந்து கருவிகள், எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் செம்புக் கம்பி இருந்தால் போதும். கடையில் வாங்கிய மணியையும் கொக்கியையும் கோத்து முடிப்பது ஒரு வேலை. கம்பியையும் தகட்டையும் வளைத்து, தட்டி, இணைத்து நகையாக்குவது வேறு வேலை. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது; அலுவலகத்துக்குப் போய்வந்துகொண்டே கற்க நினைப்பவர்களுக்கானது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். டிசைனைத் துரத்திக்கொண்டு போனால் ஒவ்வொரு நகையும் புதிய மல்லுக்கட்டாகத்தான் இருக்கும். உலோகம் எப்போது இளகியிருக்கிறது, எப்போது இறுகியிருக்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிட்டால், எந்த டிசைனையும் பார்த்தவுடன் பிரித்துப் புரிந்துகொண்டு செய்துவிடலாம். கீழே வரும் ஆறு மாத ஏற்பாடு முழுவதும் அந்தப் பழக்கத்தைக் கைக்குக் கொண்டுவருவதற்காகத்தான்.

எந்த உலோகம்?

முதல் உலோகம் செம்பு. விலை குறைவு என்பது ஒரு காரணம். தவறைப் பொறுத்துக்கொள்ளும் என்பது அதைவிடப் பெரிய காரணம். செம்பு உருகுவது 1085 டிகிரி செல்சியஸில். வெள்ளிப் பொடி (பற்றாசு) வைத்துப் பற்றவைப்பது ஏறக்குறைய 700 முதல் 750 டிகிரியில் முடிந்துவிடும். நடுவில் 300 டிகிரிக்கு மேல் இடைவெளி இருப்பதால், சூடு கொஞ்சம் கூடினாலும் நகை பிழைத்துக்கொள்ளும். 925 வெள்ளியோ 800 டிகிரியைத் தாண்டியதும் இளகி உருகத் தொடங்கிவிடும். கைப்பழக்கம் இல்லாதவர் நெருப்போடு வெள்ளியில் இறங்கினால், கண் இமைப்பதற்குள் மோதிரம் குண்டுமணியாகச் சுருண்டுவிடும்.

செம்புக் கம்பியைத் தேடி அலைய வேண்டாம். வீட்டு எர்த்திங்குக்குப் போடும் உறையில்லாத கம்பியே நல்ல சரக்கு. அதில் 8 கேஜ் கம்பி 4 மில்லிமீட்டர் தடிமன்; காப்பு செய்ய ஏற்றது. 14 கேஜ் 2 மில்லிமீட்டர்; மோதிரத்துக்குப் பொருந்தும். வளையம், கொக்கி போன்றவற்றுக்கு 20 கேஜ், அதாவது 0.9 மில்லிமீட்டர் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை: நம் ஊர்க் கடைகளில் கேஜ் என்றால் பெரும்பாலும் எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கு. அமெரிக்க வீடியோக்களில் சொல்வது ஏ.டபிள்யூ.ஜி. கணக்கு. அதே 20 கேஜ் அங்கே 0.8 மில்லிமீட்டர்தான். குழப்பமே வேண்டாமென்றால் மில்லிமீட்டரில் கேளுங்கள்.

மோட்டார் காயில் கட்டும் கம்பியும் செம்புதான். ஆனால் அதன்மேல் எனாமல் பூச்சு இருக்கும். நெருப்பு காட்டாத வேலைக்கு அது பரவாயில்லை. பூச்சைக் கொளுத்தி எடுக்கலாம் என்று மட்டும் இறங்க வேண்டாம். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது.

மற்ற உலோகங்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். பித்தளை அழகானது, விறைப்பானது. அதில் துத்தநாகம் இருக்கிறது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும் என்பதால், பித்தளையை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். நாகம் பூசிய இரும்புக் கம்பிக்கும் இதே எச்சரிக்கை. அலுமினியம் கம்பி பின்னிப் பழக நல்லது, நெருப்புக்கு ஆகாது. 660 டிகிரியில், நிறம்கூட மாறாமல், சொல்லாமல் கொள்ளாமல் சரிந்துவிடும். ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது; அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. வெள்ளிக்கு நான்காம் மாதத்துக்கு மேல் போகலாம். தங்கத்தைப் பொழுதுபோக்குப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம்.

கருவிகள்: எதை வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

முதல் மாதத்துக்கு வேண்டியவை இவை:

• தட்டை மூக்குக் குறடு இரண்டு, உருண்டை மூக்குக் குறடு ஒன்று. வாயில் பல் இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். ஹார்டுவேர் கடைக் குறடுகளில் பல் இருக்கும். கம்பியில் தழும்பு போட்டுவிடும்.
• கம்பி வெட்டும் கட்டர் ஒன்று.
• ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் உள்ள சிறிய சுத்தியல். கூடவே ஒரு மரச் சுத்தியல். இரும்பு சுத்தியல் தட்டிய இடத்தில் தடம் விழும். மரச் சுத்தியல் தடம் போடாமல் வடிவத்தை மட்டும் மாற்றும்.
• தட்டுவதற்கு வழவழப்பான இரும்புக் கட்டி. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் தடித்த துண்டை எமரித் தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொள்ளலாம். கட்டியின் முகத்தில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் நகையில் பதியும்.
• சிறிய அரங்கள்: தட்டை, அரைவட்டம்.
• தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் எமரித் தாள்: 220, 400, 600, 1000.
• கண்ணாடி. பவர் கிளாஸ் போதாது; பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். வெட்டிய கம்பி முனை எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாம் மாதம் ஒரு ரம்பச் சட்டமும் 2/0 எண் பிளேடுகளும் வாங்கலாம். பிளேடைப் பூட்டும்போது பல் கைப்பிடியை நோக்கிக் கீழ்முகமாக இருக்க வேண்டும். இழுக்கும்போதுதான் வெட்டும், தள்ளும்போது வெட்டாது. தொடக்கத்தில் பிளேடு அடிக்கடி ஒடியும். டஜன் கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டு, ஒடிவதைச் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

ரோலிங் மில், பாலிஷ் மோட்டார், வார்ப்புச் சாதனங்கள் எதுவும் முதல் வருடத்தில் வேண்டாம். தகடு அடித்துத் தரவும் கம்பி இழுத்துத் தரவும் நகைக்கடைத் தெருக்களில் கூலிக்கு ஆள் உண்டு. மதுரை தெற்காவணி மூல வீதி, கோவை ராஜ வீதி, சென்னை என்.எஸ்.சி. போஸ் சாலை போன்ற இடங்களை ஒட்டிய சந்துகளில் பத்தர்கள் கருவி வாங்கும் கடைகளைத் தேடிப் பிடியுங்கள். ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்கும் குறடைவிட, கையில் பிடித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒரு உபாயம்: இரும்புக் கட்டியை நேராக மேசைமேல் வைக்காமல், மணல் நிரப்பிய தடித்த துணிப் பைமேல் வையுங்கள். சத்தம் பாதியாகக் குறையும். இரவு எட்டு மணிக்கு மேல் சுத்தியலைத் தொடாதீர்கள். அந்த நேரத்தை அரத்துக்கும் எமரிக்கும் ஒதுக்கிக்கொள்ளலாம்.

நெருப்பில்லாமல் இரண்டு மாதம்

முதல் இரண்டு மாதம் நெருப்புப் பக்கமே போக வேண்டாம். செய்வதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் வளையங்கள். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புக் கோலில் 20 கேஜ் கம்பியை இடைவெளி விடாமல் சுருள் சுற்றுங்கள். சுருளைக் கழற்றி ஒவ்வொரு சுற்றாக வெட்டுங்கள். கட்டரில் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் கூராகவும் வெட்டும். அதனால் ஒவ்வொரு முறையும் கட்டரைத் திருப்பிப் பிடித்து, கூர்முனையை நறுக்கிவிட வேண்டும். வளையத்தைத் திறக்கும்போது இரு முனைகளையும் விலக்கி இழுக்காதீர்கள். ஒரு முனையை உங்கள் பக்கமும் மறுமுனையை எதிர்ப்பக்கமும் திருப்புங்கள். இழுத்தால் வட்டம் கெட்டுவிடும். திருப்பினால் அதே இடத்துக்குத் திரும்ப வரும். இந்த ஒரு வித்தையில்தான் சங்கிலி வேலை முழுவதும் நிற்கிறது.

அடுத்தது காதுக் கொக்கி. நான்கு சென்டிமீட்டர் கம்பி, வளைக்க ஒரு பேனா. வளைத்து முடித்ததும் இரும்புக் கட்டியில் படுக்கவைத்து, வளைவின் முதுகில் மூன்று நான்கு முறை மெல்லத் தட்டுங்கள். தட்டுவதற்கு முன் விரலால் அழுத்தினால் சுலபமாக வளைந்திருக்கும். தட்டியபின் ஸ்பிரிங் போல எதிர்த்து நிற்கும். தட்டத் தட்ட உலோகம் இறுகுகிறது என்பதை விரலால் உணரும் முதல் இடம் இது. காதுக்குள் போகும் முனையை 600 எமரியில் உருட்டித் தேய்த்து, உள்ளங்கையில் குத்திப் பாருங்கள். கீறினால் இன்னும் தேய்க்க வேண்டும்.

மூன்றாவது காப்பு. 8 கேஜ் கம்பியில் 15 சென்டிமீட்டர். இரு முனைகளையும் அரத்தால் உருட்டி, உருண்டை சுத்தியலால் நீளம் முழுவதும் புள்ளித் தடம் போட்டு, பூரிக்கட்டைமேல் வைத்து மரச் சுத்தியலால் வளையுங்கள். பாதியிலேயே கம்பி முரண்டு பிடிக்கும். அது இறுகிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் விட்டு, எடுத்து வையுங்கள். மூன்றாம் மாதம் அதற்கு வேலை இருக்கிறது.

நான்காவது ரிவிட். இரண்டு தகட்டில் துளையிட்டு, துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியைச் செருகி, இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத் தட்டித் தலையாக்குவது. கம்பித் தடிமனில் பாதிதான் வெளியே நீள வேண்டும். அதிகம் நீண்டால் தலையாவதற்குப் பதில் சாய்ந்துவிடும்.

நெருப்பில்லாத வேலையெல்லாம் கத்துக்குட்டி வேலை என்று நினைப்பவர்கள் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் (1898–1976) நகைகளைப் பார்க்க வேண்டும். காற்றில் அசையும் ‘மொபைல்’ சிற்பங்களுக்குப் பேர்போனவர். சிறுவனாக இருந்தபோது தெருவில் கிடைத்த செம்புக் கம்பியில் அக்காவின் பொம்மைகளுக்கு நகை செய்ய ஆரம்பித்தவர், வாழ்நாளில் சுமார் 1,800 நகைகள் செய்தார். அவற்றில் பெரும்பாலானவை பித்தளை, வெள்ளிக் கம்பியைத் தட்டி, வளைத்து, சுருட்டி, கட்டி, ரிவிட் அடித்துச் செய்தவை. பற்றவைப்பதை அவர் அதிகம் நாடவில்லை. பலவற்றை மனைவிக்கும் நண்பர்களுக்கும் பரிசாகவே கொடுத்தார்.

மூன்றாம் மாதம்: நெருப்பு

சமையலுக்குப் பயன்படும் பியூட்டேன் டார்ச் சின்னச் சின்ன வேலைக்குப் போதும். இடம் முக்கியம். சமையலறை வேண்டாம், அங்கே கேஸ் சிலிண்டர் இருக்கிறது. காற்றோட்டமுள்ள பால்கனியோ மொட்டை மாடியின் நிழல் மூலையோ நல்லது. கீழே தீச்செங்கல் பரப்ப வேண்டும். சிமெண்ட் தரையில் நேராகச் சுடர் காட்டினால் தரை வெடித்துத் தெறிக்கும். பருத்தி உடை, கட்டிய தலைமுடி, தோளில் தொங்காத துப்பட்டா, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஆகியவை இல்லாமல் டார்ச்சைப் பற்றவைக்கக் கூடாது.

பாதியில் விட்ட காப்பை இப்போது எடுங்கள். இறுகிய உலோகத்தைச் சூடாக்கினால் மறுபடி இளகும். செங்கல்மேல் வைத்து, சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் நீளவாக்கில் நகர்த்திக்கொண்டே இருங்கள். முதலில் மயில் கழுத்து நிறங்கள் ஓடும். பிறகு கருக்கும். அப்புறம் நிழலில் மட்டுமே தெரிகிற மங்கிய சிவப்பு வரும். அங்கே நிறுத்த வேண்டும். வெயிலில் உட்கார்ந்து செய்தால் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது சூடு எல்லை தாண்டியிருக்கும். அதனால்தான் நிழல் மூலை. தண்ணீரில் போட்டு எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். முன்பு முரண்டு பிடித்த அதே கம்பி இப்போது சொன்னபடி வளையும். வெள்ளியில் நிறம் பார்ப்பது கடினம். மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுச் சூடாக்கினால், கோடு மறையும் நேரத்தில் வெள்ளி இளகியிருக்கும்.

கருத்துப்போன மேற்பரப்பைச் சுத்தப்படுத்தப் புளியும் உதவும், படிகாரமும் உதவும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் இன்னும் சுலபம். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, நகையைப் போட்டுவைத்தால் கருப்பு கழன்றுவிடும். அதற்கென்று ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை ஒதுக்குங்கள்; மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது. அந்தக் கரைசலில் இரும்பு சாமணத்தை விடாதீர்கள். இரும்பு பட்டால், கரைசலில் இருக்கும் செம்பு நகைமேல் படிந்து, வெள்ளி நகை சிவந்துபோகும். பிளாஸ்டிக் அல்லது செம்புச் சாமணமே சரி. கந்தக, நைட்ரிக் அமிலங்களை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

நான்காம் மாதம்: பொடி வைத்தல்

பற்றவைப்பதில் நான்கு விதிகள். இணையும் இரு முனைகளுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. பொடி இடைவெளியை நிரப்பாது. இணைப்பு சுத்தமாக இருக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்டால்கூடப் பொடி ஓடாது. வெங்காரம் தடவ வேண்டும். சூட்டைப் பொடிக்குக் காட்டாமல் நகை முழுவதற்கும் காட்ட வேண்டும். சூடு எங்கே அதிகமோ அங்கே பொடி ஓடும்.

வெங்காரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலே சூட்டுக் கணக்கு புரிந்துவிடும். தண்ணீர் வற்றும்போது அது வெள்ளையாகப் பொங்கி, பொடித் துண்டைச் சற்றுத் தள்ளக்கூடும். ஊசி முனையால் திரும்ப இடத்தில் வையுங்கள். பிறகு பொங்கல் அடங்கி, கண்ணாடி போல உருகிப் படியும். அடுத்த சில நொடிகளில் பொடித் துண்டு சட்டென்று மின்னி, இணைப்பு நெடுக ஒரு பளிச்சென்ற கோடாக ஓடும். கோட்டைப் பார்த்ததும் சுடரை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று நீட்டியவர்கள்தான் நகையை இழப்பவர்கள்.

பொடி வாங்கும்போது ‘காட்மியம் இல்லாதது’ என்று கேட்டு வாங்குங்கள். நகைக் கடை விளம்பரங்களில் ஒரு காலத்தில் ‘கேடிஎம்’ என்று பெருமையாகப் போட்டார்களே, அது காட்மியம் கலந்த பற்றாசைக் குறிக்கும் பெயர். 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிற உலோகம் அது. அந்த ஆவி, பற்றவைப்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ரேடியோ ரிப்பேருக்குப் பயன்படும் ஈயக் கம்பியும் நகைக்கு ஆகாது. அதில் காரீயம் இருக்கிறது, இணைப்பும் பலமில்லை.

நிறமும் தோலும்

தட்டிய தடமோ செதுக்கிய கோடோ எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் பள்ளங்களைக் கருக்க வேண்டும். அதற்கு ரசாயனம் தேடிப் போக வேண்டாம். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைச் சூடாக மசித்து, ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டு, நகையை முட்டையில் படாமல் உள்ளே வைத்து மூடுங்கள். முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு வெள்ளியையும் செம்பையும் சில மணி நேரத்தில் பழுப்பாக்கி, பிறகு கருமையாக்கும். எடுத்துக் கழுவி, மேடுகளை மட்டும் 1000 எமரியில் துடைத்தால், பள்ளத்தில் கருப்பும் மேட்டில் பளபளப்பும் நிற்கும்.

தங்க முலாம், வெள்ளி முலாம் வேண்டுமென்றால் வெளியே கொடுத்து வாங்குங்கள். முலாம் பூசும் தொழிலில் சயனைடு உப்புகள் புழங்குகின்றன. அது வீட்டில் செய்கிற வேலையல்ல.

செம்பு, வியர்வையோடு சேர்ந்து தோலில் பச்சைத் தடம் போடும். கழுவினால் போய்விடும், கெடுதல் இல்லை. இதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிக்கல் கதை வேறு. காது குத்திய துளையில் நிக்கல் பட்டால் பலருக்கு அரிப்பும் புண்ணும் வரும். ஐரோப்பிய ஒன்றியம், துளையில் செருகும் நகையிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. நம் வழி எளிது: தொங்கட்டான் எந்த உலோகமாக இருந்தாலும், காதுக்குள் போகும் கொக்கியை வெள்ளியிலோ டைட்டானியத்திலோ வையுங்கள்.

யாரிடம் கற்பது?

வீடியோ பார்த்து வளையமும் கொக்கியும் பழகிவிடலாம். பொடி வைப்பதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்பதே நல்லது. உங்கள் ஊரிலேயே ஒரு பத்தர் இருப்பார். இயந்திர வார்ப்பும் ரெடிமேட் நகையும் வந்தபின் பட்டறைகளில் கைவேலை குறைந்திருக்கிறது. வேலை இல்லாத பிற்பகலாகப் பார்த்துப் போய், “ஐயா, மாதம் நாலு வகுப்பு, பொடி வைக்க மட்டும் சொல்லித்தர முடியுமா? வகுப்புக்கு இவ்வளவு தருகிறேன்” என்று நேரடியாகக் கேளுங்கள். இலவசமாகக் கேட்காதீர்கள். அவருடைய நேரமும் கூலிதான். முதல் நாளே தங்கத்தில் கைவைக்க ஆசைப்படாதீர்கள்.

முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு ஐடிஐ பாடப்பிரிவுகளில் பொற்கொல்லர் பிரிவு உண்டு. எல்லா ஊரிலும் இல்லை, விசாரிக்க வேண்டும். பார்த்துப் பழக நம்மைச் சுற்றிப் பெரிய பள்ளிக்கூடங்களே இருக்கின்றன. நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பரதநாட்டிய மேடையில் பார்க்கும் சிவப்புக் கல் நெற்றிச்சுட்டியும் ஜடைநாகமும் அந்த மரபில் வந்தவைதான். சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் கம்பி இழுப்பவர் ஒருவர், பொடி வைப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும். ஒரு நகை எத்தனை படிகளாகப் பிரிகிறது என்பதை ஒரு பகலில் அங்கே கண்டுகொள்ளலாம்.

வேலையும் பட்டறையும்

மாதச் சம்பளக்காரர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கில் ஒரு வசதி உண்டு. வேலை படிப்படியாகப் பிரிவதால், எந்தப் படியிலும் நிறுத்தி எழுந்துவிடலாம். செவ்வாய்க்கிழமை வளையம் வெட்டி டப்பாவில் போட்டால் சனிக்கிழமை வரை அப்படியே இருக்கும். வார நாட்களில் வெட்டுதல், அரம், எமரி. சனிக்கிழமை பகலில் நெருப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். களைப்பாக இருக்கும் இரவில் டார்ச்சைத் தொடுவதில்லை என்று ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனை என்று வந்துவிட்டால், முதலில் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பல தனியார் நிறுவனங்களில் வேறு வருமானத்துக்குத் தடையோ முன் அனுமதி நிபந்தனையோ இருக்கும். அரசு ஊழியர்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973இன்படி முன் அனுமதி இல்லாமல் வியாபாரத்தில் ஈடுபடக் கூடாது. பரிசாகக் கொடுப்பது வரை சிக்கல் இல்லை. விலை போட்டு இன்ஸ்டாகிராமில் ஏற்றும் முன் எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிடுங்கள்.

விலை போடுவது எப்படி?

நகைக் கடையில் நாம் முகம் சுளிக்கும் செய்கூலியும் சேதாரமும் நமக்கென்று வரும்போதுதான் அவற்றின் நியாயம் புரியும். ஒரு ஜோடி செம்புத் தோடுக்கு எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடலாம். உலோகமும் வெள்ளிக் கொக்கியும் 60 ரூபாய். ஒன்றரை மணி நேர வேலை, மணிக்கு 150 என்று வைத்தால் 225. கேஸ், பிளேடு, எமரி, வீணான கம்பி 25. டப்பா 20. அடக்கம் 330 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு லாபம் சேர்த்தால் ஏறக்குறைய 400. கண்காட்சி நடத்துபவரோ கடைக்காரரோ விலையில் கால் பங்கு எடுத்துக்கொள்வார் என்றால், உங்கள் கைக்கு 400 வர, அங்கே 530க்கு மேல் விலை ஒட்ட வேண்டும். உலோகத்தின் விலையை மட்டும் கணக்கில் வைத்து 150க்கு விற்பவர்கள், தங்கள் மாலை நேரத்தை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்குப் போனபின் அரத்தூளையும் சேமியுங்கள். மேசைக்குக் கீழே ஒரு தட்டு வைத்து, செம்புத் தூள் தனி, வெள்ளித் தூள் தனி என்று டப்பாவில் போட்டுவாருங்கள். கலந்துவிட்டால் விலை போகாது. நகைத் தெருக்களில் பட்டறைக் குப்பையையே காசு கொடுத்து வாங்கி அலசி எடுக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப் பக்கம் சில வரிகள். தங்க நகைக்கு ஹால்மார்க் 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இருக்க வேண்டும். வெள்ளிக்கு ஹால்மார்க் விருப்பத்தின் பேரில்தான். ஆனாலும் சோதனை இல்லாமல் ‘925’ என்று முத்திரை அடிக்காதீர்கள். ஜெர்மன் சில்வரை ‘ஆக்ஸிடைஸ்டு சில்வர்’ என்று சொல்லி விற்காதீர்கள். என்ன உலோகம், கொக்கி எதில் செய்தது, கருமை எப்படி வந்தது என்று ஒரு சிறு அட்டையில் எழுதி நகையோடு கொடுத்தால், வாங்கியவர் திரும்ப வருவார். நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவர்களுக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்ச ரூபாய் விற்றுமுதல். வெளிமாநில விற்பனைக்கும் ஆன்லைன் தள விற்பனைக்கும் தனி விதிகள் இருப்பதால், அங்கே இறங்கும் முன் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். குறுந்தொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். பணம் கேட்கும் தளங்களிடம் ஏமாற வேண்டாம்.

கடன், மானியம் பற்றியும் கேட்பார்கள். தமிழ்நாடு அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் போன்றவை கைவினைஞர்களுக்கு மானியத்தோடு கடன் தருகின்றன. பொழுதுபோக்காகத் தொடங்கியவர் முதல் வருடத்தில் கடன் பக்கம் போக வேண்டியதில்லை. முன்பின் தெரியாதவர்கள் பத்துப் பேர் கேட்டு வாங்கி, அவர்களில் சிலர் மறுபடியும் வந்தபின் யோசித்துக்கொள்ளலாம்.

ஆறு மாதக் கணக்கு

முதல் மாதம் வளையம், கொக்கி, சங்கிலி. இரண்டாம் மாதம் ரம்பம், காப்பு, ரிவிட். மூன்றாம் மாதம் சூடாக்கி இளக்குதல், சுத்தப்படுத்துதல். நான்காம் மாதம் செம்பில் பொடி வைத்தல். ஐந்தாம் மாதம் வெள்ளியில் ஒரு எளிய மோதிரம். ஆறாம் மாதம் புதிதாக எதையும் கற்காமல், ஒரே தோட்டைப் பத்து ஜோடி செய்யுங்கள். முதல் ஜோடிக்கும் பத்தாவது ஜோடிக்கும் எடுத்த நேரத்தைக் குறித்துவைத்தால், விலைக் கணக்கில் போட வேண்டிய மணி நேரம் எது என்று அப்போது தெரியும்.

இந்த வாரத்துக்கான வேலை இவ்வளவுதான். சனிக்கிழமை 20 கேஜ் உறையில்லாத செம்புக் கம்பியும் பல் இல்லாத இரண்டு குறடுகளும் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை ஐம்பது வளையம் வெட்டி, மூடுங்கள். மூடிய இடத்தின்மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டுகிற வளையத்தை ஒதுக்கிவிட்டு இன்னொன்று செய்யுங்கள். ஐம்பதிலும் நகம் மாட்டாமல் ஓடினால், சங்கிலிப் பாடத்துக்குப் போகலாம்.